வேலைக்கு ஆகாத இயந்திரங்கள்: கேட்டதும் சொன்னதும்

தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும் பெட்டி, காற்று வீசினால் நடக்கும் குழாய் மிருகம், அடுத்த பனியில் மறைந்துபோகும் ஓவியம்: இணையத்தில் பார்த்து வியந்த இந்த மாதிரி சமாச்சாரங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில.

அக்கா, சுவிட்சைப் போட்டால் உள்ளிருந்து ஒரு விரல் வந்து அணைத்துவிட்டு ஒளிந்துகொள்கிறதே, அந்தப் பெட்டி யார் கண்டுபிடித்தது? உள்ளே சிப் ஏதாவது உண்டா?

யோசனை, செயற்கை நுண்ணறிவின் முன்னோடி மார்வின் மின்ஸ்கியுடையது. 1952ல் பெல் ஆய்வகத்தில் இருந்தபோது உதித்தது. செய்து பார்த்தவர் கிளாட் ஷானன். ஆமாம், தகவல் கோட்பாடு தந்த அதே ஷானன்தான்.

சிப் எதுவும் வேண்டாம். ஆறு கால் உள்ள டாகிள் சுவிட்ச் (தண்டை இப்படியும் அப்படியும் தள்ளுவது) ஒன்று, லிமிட் சுவிட்ச் (ஏதாவது இடித்தால் மின்சாரத்தை நிறுத்துவது) ஒன்று, பேட்டரியில் ஓடும் மஞ்சள் நிற பி.ஓ. மோட்டார், பேட்டரி. அவ்வளவுதான். டாகிளின் நடு இரண்டு கால்களில் மோட்டார், ஒரு ஓரத்து இரண்டில் பேட்டரி. அங்கிருந்து மறு ஓரத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வயர். சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஒரு பக்கம் சுற்றி விரல் வெளியே வரும். விரல் சுவிட்சைத் தட்டியதும் மின்னோட்டம் திசை மாறி, மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். விரல் வீடு திரும்பியதும் லிமிட் சுவிட்சில் இடித்து மின்சாரம் நிற்கும். அந்த லிமிட் சுவிட்சைக் குறுக்கு வயர்களில் ஒன்றில்தான் வைக்க வேண்டும். பேட்டரி வயரில் வைத்துவிட்டால் பெட்டி அடுத்த முறை எழுந்திருக்கவே எழுந்திருக்காது. சாமான் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும்.

நான் செய்ததில் விரல் வருகிறது, சுவிட்சைத் தள்ள முடியாமல் முக்கிக்கொண்டு நிற்கிறது மேடம்.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள், மோட்டார் சூடாகிவிடும். அப்புறம், விரல் சுவிட்சுத் தண்டின் அடியில் படுகிறதா நுனியில் படுகிறதா என்று பாருங்கள். அடியில் பட்டால் பலம் நிறைய வேண்டும். நுனிக்குக் கொண்டுவந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். இல்லையென்றால் இளகலான டாகிளாகப் பார்த்து மாற்றுங்கள்.

கடற்கரையில் நடக்கும் அந்தப் பெரிய பூச்சிகள் நிஜமா, கிராபிக்ஸா? நம்மூர் வயரிங் பைப்பில் செய்யலாமா?

நிஜம்தான். நெதர்லாந்துக்காரர் தேயோ யான்சன் 1990லிருந்து செய்கிறார். அவர் எடுத்ததும் வயரிங் பைப்தான், அதனால் தாராளமாகச் செய்யலாம். ரகசியம் காலில் இருக்கிறது. ஒரு காலின் பாகங்களுக்கு இடையே 11 அளவுகள். அவற்றைக் கணினியில் ஆயிரக்கணக்கான கால்களை மோதவிட்டு, நன்றாக நடப்பவற்றை மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடித்தார். பாதம் தரையில் இருக்கும்போது கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். அதனால் உடம்பு ஏறி இறங்காமல் மிதப்பதுபோல் நகரும். அந்த அளவுகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. எடுத்ததும் பைப்பை அறுக்காதீர்கள். ஐஸ் குச்சியில் ஒரே ஒரு கால் செய்து, அதை ஓட்டும் கைப்பிடியை (கிராங்க்) சுற்றிப் பாருங்கள். காலாவதியான மிருகங்களை அவர் 'புதைபடிவம்' என்கிறார். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது அந்தக் குறும்புதான்.

இதனால் யாருக்கு என்ன லாபம்? நேர விரயம்.

லாபம் வரவே கூடாது என்று விதி வைத்த ஒரு கூட்டமே உண்டு சார். ஜப்பானின் கென்ஜி கவகாமி தொடங்கிய சிந்தோகு. விற்கக் கூடாது, காப்புரிமை வாங்கக் கூடாது, ஆனால் கட்டாயம் செய்து காட்டியிருக்க வேண்டும். பசைக் குச்சி மாதிரி திருகித் தேய்க்கும் வெண்ணெய், நூடுல்ஸை ஆற்ற விசிறி பூட்டிய குச்சி. இவர்களின் 1995ஆம் ஆண்டுத் தொகுப்பில் செல்ஃபி குச்சியும் இருந்தது, வேண்டாத பொருள் என்று! இப்போது அதைத் தூக்கிக்கொண்டு திரியாத சுற்றுலாக் கூட்டம் உண்டா?

அழிந்துபோவதற்கென்றே செய்வது எதற்கு? பனியில் நாள் முழுக்க நடந்து வரைகிறார் ஒருவர், மனசு கேட்கவில்லை.

சைமன் பெக். பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் பனிக்காலணி மாட்டிக்கொண்டு, திசைகாட்டியும் காலடிக் கணக்குமாக வரைபவர். படம் எடுத்தாகிவிட்டது, அப்புறம் பனி பெய்தால் அவருக்கு என்ன? புதுப் பலகை கிடைத்த மாதிரி.

சுவிட்சர்லாந்துச் சிற்பி ஜான் டிங்கெலி ஒரு படி மேலே போனார். பழைய பியானோ, சைக்கிள் சக்கரங்களையெல்லாம் கோத்து, தானே நொறுங்கிப்போகும் இயந்திரம் ஒன்றை 1960 மார்ச் 17 அன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத் தோட்டத்தில் ஓடவிட்டார். 27 நிமிடம் ஓடியது. திட்டப்படி எல்லாம் நடக்கவில்லை, தீயணைப்பு வீரர் தலையிட்டு முடித்துவைக்க வேண்டியதாயிற்று.

இணையத்திலேயே தோன்றி இணையத்திலேயே அழிந்தது ஏதாவது?

ரெட்டிட் என்ற இணைய மன்றத்தின் 'பிளேஸ்'. எல்லோரும் சேர்ந்து வண்ணப் புள்ளி வைத்து வரையும் ஒரே பலகை. 2017 ஏப்ரல் 1 அன்று திறந்து 72 மணி நேரம் நடந்தது. ஆளுக்கு ஒரு தடவை ஒரே ஒரு புள்ளி, அடுத்ததுக்குச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். 2022ல் மறுபடி நடத்தியபோது கடைசியில் வெள்ளை நிறம் மட்டும்தான் வைக்க முடியும் என்று ஆக்கிவிட்டார்கள். கொடியும் படமுமாகச் சண்டை போட்ட அதே ஆட்கள், தாங்களே எல்லாவற்றையும் வெள்ளையடித்தார்கள்.

பொண்ணு எட்டாவது படிக்கிறாள். பள்ளிக் கண்காட்சிக்கு அந்த அணைக்கும் பெட்டிதான் வேண்டும் என்கிறாள். டீச்சரோ 'பயன்கள்' என்று தலைப்புப் போட்டு மூன்று எழுதச் சொல்கிறார்.

ஒன்று, மோட்டார் திசை மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டு, லிமிட் சுவிட்ச் புரியும். லிஃப்ட்டிலும் அதுதான் இருக்கிறது. மூன்று, சுவிட்சை அணைக்க உதவும். இதில் பொய் ஏதும் இல்லையே!