ஆறு பேர் வேலை பார்க்கும் பட்டறைக்கு அப்ரண்டிஸ் கிடைப்பாரா?

தொழில் பழகலாம் – வாசகர் கேள்வி பதில்
(பதில் சொல்பவர்: நாகர்கோவிலைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற ஐ.டி.ஐ. பயிற்றுநர்)

கேள்வி: சார், குளச்சலில் போட் எஞ்சின் பட்டறை வைத்திருக்கிறேன். விசைப்படகு டீசல் எஞ்சின், வள்ளத்து அவுட்போர்டு இரண்டும் பார்க்கிறோம். ஆறு பேர் வேலைக்கு இருக்கிறார்கள். ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் வேலை கேட்டு வருகிறார்கள். சம்பளமும் கொடுத்து, வேலையும் படிப்பித்து, அவன் தேறியதும் கல்ஃபுக்கு ஏறிவிடுகிறான். பயிற்சிக்கு அரசு பணம் தருகிறதாமே? அது பெரிய கம்பெனிகளுக்கு மட்டும்தானா?
– பட்டறை உரிமையாளர், குளச்சல்

பதில்: உங்கள் பட்டறைக்கும் உண்டு. 2019-ல் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) விதிகளைத் திருத்தியபோது, நான்கு முதல் 29 பேர் வரை வேலை பார்க்கும் இடங்கள் விரும்பினால் அப்ரண்டிஸ் வைத்துக்கொள்ளலாம் என்று ஆக்கிவிட்டார்கள். 30 பேரும் அதற்கு மேலும் இருந்தால்தான் கட்டாயம். உங்களைப் போன்ற நிறைய பேர் இது ஐ.எஸ்.ஆர்.ஓ.வுக்கும் பெரிய மோட்டார் கம்பெனிகளுக்கும் உரிய விஷயம் என்று நினைத்து விலகியே நிற்கிறார்கள். எனக்கு அதில் தீராத வருத்தம். நம் மாவட்டத்தில் பெரிய ஆலை எத்தனை இருக்கிறது? பையன்கள் கை பழகுவதெல்லாம் உங்கள் பட்டறை மாதிரி இடங்களில்தான்.

பணக் கணக்கு இதுதான். அதே 2019 விதிப்படி ஐ.டி.ஐ. சான்றிதழ் உள்ளவருக்கு மாத உதவித்தொகை குறைந்தது 7,000 ரூபாய். பத்தாம் வகுப்பு மட்டும் முடித்தவருக்கு 6,000. தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் இதில் 25 சதவீதத்தை, அதிகபட்சம் 1,500 ரூபாயை, மத்திய அரசு ஏற்கிறது. 7,000-க்குக் கால்பங்கு 1,750 வரும். ஆனால் 1,500-க்கு மேல் தரமாட்டார்கள். ஆக உங்கள் கையிலிருந்து மாதம் 5,500. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்க வேண்டியதில்லை. தொகைகள் அவ்வப்போது மாறும். ஒப்பந்தம் போடும் அன்று நடப்பில் உள்ளதை மத்திய அரசின் தொழிற்பழகுநர் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த 1,500 உங்கள் கணக்குக்கு வராது. 2023 ஆகஸ்டிலிருந்து நேராகப் பையனின் வங்கிக் கணக்குக்கே போகிறது. உங்கள் பங்கையும் வங்கி வழியாகக் கொடுத்து, மாதாமாதம் தளத்தில் ஏற்ற வேண்டும். அதை ஏற்றாவிட்டால் அரசின் பங்கு நகராது. பையனுக்குக் கணக்கு இருந்தால் மட்டும் போதாது, ஆதாரோடு அது இணைந்திருக்க வேண்டும். பல இடங்களில் பணம் நின்றுபோவது இந்த ஒரு காரணத்தால்தான். சேர்த்த அன்றே அவனை வங்கிக்கு அனுப்பி இதை முடித்துவிடுங்கள்.

இதைவிடப் பெரிய செலவு ஒன்று உங்களுக்கு இருக்கிறது, நான் அறிவேன். வள்ளத்து எஞ்சின் சூடாகிறது என்று கொண்டுவருகிறார்கள். பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் நூலாக மெலிந்திருக்கிறது. பார்த்த உடனே உங்களுக்குத் தெரியும், பம்பு இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரம்) மணலில் தேய்ந்துவிட்டது என்று. நீங்களே செய்தால் சட்டென்று கழற்றி மாற்றி அனுப்பிவிடுவீர்கள். பையன் கையில் கொடுத்தால், உப்பேறிய போல்ட்டை முறுக்கி ஒடிக்காமல் எண்ணெய் விட்டு இளக்குவது, கியர் பெட்டியை நேராக இறக்குவது, இம்பெல்லர் இதழ் எந்தப் பக்கம் மடிய வேண்டும், சாவிக்கட்டை எங்கே விழுந்தது என்று ஒவ்வொன்றும் சொல்லித்தர வேண்டும். ஒரு மணி நேர வேலை அரை நாள் ஆகும். வாசலில் மீனவர் விடியற்காலை கடலுக்குப் போக வேண்டும் என்று நின்றுகொண்டிருப்பார். அந்த அரை நாளுக்கு யாரும் உங்களுக்குப் பணம் தருவதில்லை. 2016-ல் திட்டம் தொடங்கியபோது அடிப்படைப் பயிற்சிக்கு 500 மணி நேரத்துக்கு 7,500 ரூபாய் வரை வைத்தார்கள். அது பயிற்சி நிலையங்களுக்கு ஏற்ற ஏற்பாடு. பட்டறையில் நின்று சொல்லித்தரும் மேஸ்திரிக்கு அதில் ஒன்றும் இல்லை. சிறு தொழிலுக்கு உதவ வேண்டும் என்றால் அரசு முதலில் இந்த மணி நேரத்துக்குத்தான் காசு கொடுக்க வேண்டும். பணியில் இருந்தபோதும் இதைச் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1961-ம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்திலேயே, பல முதலாளிகள் சேர்ந்து அப்ரண்டிஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்று இருக்கிறது. உங்களிடம் லேத் இருக்காது. ஷாஃப்ட் கடைவதற்குத் திங்கள்சந்தைக்கோ நாகர்கோவிலுக்கோ கொடுத்தனுப்புவீர்கள். அந்த லேத் பட்டறைக்காரரோடு பேசி இருவரும் சேர்ந்து இரண்டு பையன்களை எடுங்கள். இந்தச் சட்டத்தைக் கவனிக்கும் அரசு அதிகாரியான தொழிற்பழகுநர் ஆலோசகரின் அலுவலகத்தில் முறையைக் கேட்டுச் செய்யுங்கள். சொல்லித்தரும் சுமை பாதியாகும், பையனுக்கும் இரண்டு கை வேலை வரும்.

சேர்க்கிற காலமும் முக்கியம். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளின் எஞ்சின்கள் முழுசாகப் பிரிவது அப்போதுதான். வேலை குவிந்து கிடக்கும் என்று அந்த இரண்டு மாதமும் பையனைப் பெருக்கவும் டீ வாங்கவும் விட்டுவிடாதீர்கள். பிஸ்டனையும் லைனரையும் வெளியே எடுத்துக் கண்ணால் பார்க்க, அளந்து பழக, வருடத்தில் அதைப் போல வேறு காலம் அவனுக்கு அமையாது.

கல்ஃப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போகிறவன் போவான், பயிற்சி முடிந்ததும் உங்களிடமே நிற்க வேண்டும் என்று அவனைச் சட்டம் கட்டுவதில்லை, நீங்கள் வேலை கொடுத்தாக வேண்டும் என்றும் இல்லை. ஆனால் தேர்வெழுதித் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் வாங்கும் வரை நிற்க அவனுக்கே ஒரு காரணம் உண்டாகும். பாதியில் ஓடுவது அதனால் குறையும். நாகர்கோவில் கோணத்தில் உள்ள அரசு ஐ.டி.ஐ.யில் தொழிற்பழகுநர் சேர்க்கை முகாம் எப்போது என்று கேட்டு, நேரில் போய்ப் பையன்களைப் பாருங்கள்.

கேள்வி: கருங்கல் பக்கம் முந்திரி ஆலை நடத்துகிறேன். 60 பேர் வேலை பார்க்கிறார்கள். தோல் உரிக்கிற, தரம் பிரிக்கிற பெண்களையே அப்ரண்டிஸ் என்று பதிந்துவிட்டால் சம்பளச் சுமை குறையும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். செய்யலாமா?
– ஆலை உரிமையாளர், கருங்கல்

பதில்: செய்யக்கூடாது. வருடக்கணக்காகக் கையில் கறை ஏற வேலை செய்கிற பெண்ணைக் கற்றுக்குட்டி என்று எழுதி, அவள் கூலியையும் பி.எஃப்.பையும் குறைப்பது திருட்டு. அரசின் பணமும் உங்களுக்கு வராது, மேலே சொன்னபடி அது பயில்கிறவரின் கணக்குக்குப் போவது.

உங்கள் ஆலை கட்டாய வரம்புக்குள் வருகிறது என்பதைக் கவனியுங்கள். மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களும் அந்தக் கணக்கில் சேர்வார்கள். எடுக்காமல் விட்டால் குறைகிற ஒவ்வொருவருக்கும் முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 500, அதன் பிறகு 1,000 ரூபாய் அபராதம் என்று 2014 திருத்தம் சொல்கிறது. பாய்லர், மின்சாரம், இயந்திரப் பராமரிப்பு என்று உண்மையிலேயே கற்க வேண்டிய வேலைகள் உங்கள் ஆலையில் உண்டு. அவற்றுக்குப் புதிய பிள்ளைகளை எடுங்கள். உரிக்கிற பெண்களின் மகள்களில் ஐ.டி.ஐ. படித்தவர்கள் இருந்தால் அவர்களை முதலில் கேளுங்கள்.

கேள்வி: என் மகன் வெல்டிங் பட்டறை ஒன்றில் ஒரு வருடமாக வேலை படிக்கிறான். "படிப்பிக்கிறதே பெருசு, சம்பளம் எதுக்கு" என்று முதலாளி சொல்கிறார். வாரம் கைச்செலவுக்கு ஏதோ கொடுப்பார். ராத்திரி பதினோரு மணிக்கும் வேலை. போன மாதம் கண்ணில் பொறி பட்டு ஆஸ்பத்திரிச் செலவை நாங்களே பார்த்தோம். கேட்டால் படிப்பு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், தக்கலை

பதில்: அம்மா, முதலில் ஒன்று கேளுங்கள். அவன் பெயரில் எழுத்து ஒப்பந்தம் ஏதாவது பதிவாகியிருக்கிறதா? மகனுக்கு 18 வயது ஆகாதிருந்தால் அதில் உங்கள் கையெழுத்தோ அவன் அப்பா கையெழுத்தோ இருக்க வேண்டும். நீங்கள் யாரும் எங்கும் கையெழுத்துப் போடவில்லை என்றால், சட்டத்தின் கண்ணில் அவன் அப்ரண்டிஸே இல்லை. அவன் தொழிலாளி. தொழிலாளி என்றால் குறைந்தபட்சக் கூலி முழுசாகக் கொடுத்தாக வேண்டும். நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

ஒப்பந்தம் இருந்தாலும் முதலாளி நினைத்தபடி செய்ய முடியாது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை அப்ரண்டிஸை வேலையில் நிறுத்தத் தொழிற்பழகுநர் ஆலோசகர் என்ற அரசு அதிகாரியின் முன்அனுமதி வேண்டும். ஓவர்டைமுக்கும் அப்படியே. பயிற்சியில் அடிபட்டால் இழப்பீடு முதலாளியின் பொறுப்பு. ஆஸ்பத்திரிச் சீட்டு, மருந்து பில் எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பயப்படுவதில் தப்பில்லை. சண்டைக்குப் போகும் முன், பட்டறையை முறையாகப் பதிந்து மகனை அப்ரண்டிஸாகச் சேர்க்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், அவர் பங்கு எவ்வளவு என்று மேலே உள்ள கணக்கைக் காட்டுங்கள். பட்டறையில் நாலு பேர் வேலைக்கு இருந்தால் அது நடக்கும். மறுத்தால் மகனை அங்கே விட்டுவைக்காதீர்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட முகமூடி இல்லாமல் வெல்டிங் செய்யச் சொல்கிற இடத்தில் எந்தப் படிப்பும் வேண்டாம், அம்மா. கண் போனால் வராது.

கேள்வி: மயிலாடியில் கல்சிற்ப வேலை செய்கிறேன். நானும் தம்பியும்தான். வேலை கற்க இரண்டு பையன்கள் வர ஆசைப்படுகிறார்கள், சோறு போட்டுக் கற்றுக்கொடுக்க வசதியில்லை. எனக்குச் சான்றிதழும் கிடையாது.
– சிற்பி, மயிலாடி

பதில்: நான்கு பேர் இல்லாததால் அப்ரண்டிஸ் திட்டம் உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்குப் பொருந்துவது, மத்திய ஜவுளி அமைச்சகத்தின்கீழ் கைவினைப் பொருள்கள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகம் நடத்தும் குரு–சிஷ்யப் பயிற்சித் திட்டம். கற்கிறவருக்கு நாள் கூலி இழப்புக்கு ஈடாகவும், கற்றுத்தரும் ஆசானுக்கு மதிப்பூதியமாகவும் அதில் பணம் உண்டு. குளச்சல்காரருக்கு நான் கேட்கிற காசு கைவினைஞருக்கு ஏற்கனவே இருக்கிறது. எஞ்சின் மேஸ்திரிக்கும் லேத் மேஸ்திரிக்கும் ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி. முதலில் கைவினைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அதற்குப் படிப்புச் சான்றிதழ் வேண்டாம், உங்கள் உளி வேலைதான் சான்று.

கருவி வாங்க, கொட்டகை போடப் பணம் வேண்டும் என்றால் தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது. 35 வயது ஆகியிருக்க வேண்டும். 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், 50,000 ரூபாய்க்கு மிகாமல் மானியம், வட்டியில் 5 சதவீதம் சலுகை. கோணத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

கேள்வி: மார்த்தாண்டத்தில் பேக்கரி. அப்ரண்டிஸாக இருந்த பெண்ணை வேலைக்கே எடுக்க நினைக்கிறேன். அதற்கு ஏதாவது உதவி உண்டா?
– பேக்கரி உரிமையாளர், மார்த்தாண்டம்

பதில்: உண்டு. 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை சேரும் புதிய வேலைகளுக்கு, பிரதமரின் விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா என்ற வேலைவாய்ப்புத் திட்டம் இருக்கிறது. பி.எஃப்.பில் முதல் முறை பதிவாகும் பெண்ணுக்கு ஒரு மாத பி.எஃப். சம்பளம் (பி.எஃப். பிடிக்கக் கணக்கில் எடுக்கும் சம்பளம்), 15,000 ரூபாய் வரை, இரண்டு தவணையாக வரும். முதலாளிக்கும் இரண்டு வருடம் மாதம் 3,000 ரூபாய் வரை கிடைக்கும். ஆனால் 50 பேருக்குக் குறைவான இடங்களில் குறைந்தது இரண்டு பேரைக் கூடுதலாக எடுத்து, ஆறு மாதமாவது வைத்திருக்க வேண்டும். உங்கள் பேக்கரி பி.எஃப்.பில் பதிவாகவில்லை என்றால் அதிலிருந்து தொடங்குங்கள். அந்தப் பெண்ணோடு இன்னொருவரையும் சேர்க்க முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு எழுதுங்கள், பாரங்களைப் பற்றி அடுத்த இதழில் விவரமாகச் சொல்கிறேன்.