15 ஆர்டருக்கு மேல் ஒரே நேரத்தில் வந்தால் சைட் நின்றுபோவது ஏன்?

16-வது ஆள் 30 விநாடி காத்திருந்து டைம்அவுட் வாங்குகிறார் என்கிறீர்கள். கணக்கு சரிதான்: எஸ்கியூஎல்ஆல்கெமி (பைத்தான் கோடை டேட்டாபேஸோடு இணைக்கும் லைப்ரரி) தன் பூலில், அதாவது பகிர்ந்து பயன்படுத்தும் இணைப்புகளின் தொகுப்பில், வைத்திருப்பது இயல்பாக 5 கனெக்‌ஷன், நெருக்கடிக்கு இன்னும் 10, ஆக 15.

உங்கள் கோடில் ஆர்டரை செலக்ட் செய்ததுமே, அதாவது டேட்டாபேஸிலிருந்து படித்ததுமே, டிரான்சாக்‌ஷன் தொடங்கிவிடுகிறது; அதை முடிக்கும்வரை கனெக்‌ஷன் பூலுக்குத் திரும்பாது. (எதையும் எழுதவில்லையே என்பீர்கள், படித்தாலே போதும்.) அப்புறம் பேமென்ட் கேட்வேயின் (பணம் வசூலிக்கும் வெளிச் சேவையின்) பதில் வரும்வரை கனெக்‌ஷன் சும்மா மாட்டிக்கொண்டு கிடக்கிறது. டேட்டாபேஸான போஸ்ட்கிரஸில் பார்த்தால் 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்' (டிரான்சாக்‌ஷனைத் திறந்துவைத்துச் சும்மா இருப்பவை) என்று வரிசையாக நிற்கும். பூலைப் பெரிதாக்குவது வெறும் ஒத்திப்போடல்.

படித்ததும் கமிட் செய்து டிரான்சாக்‌ஷனை முடித்துவிட்டு கேட்வேயை அழையுங்கள். பதில் வந்தபின் புது டிரான்சாக்‌ஷனில் நிலையை எழுதுங்கள். பிழை வந்தால் ரோல்பேக் ஆகும்படி (மாற்றங்கள் ரத்தாகும்படி) இரண்டையும் தனித்தனி வித் (with) பிளாக்கில் வையுங்கள். ஒன்று கவனம்: கமிட்டுக்குப் பின் ஆர்டரின் தொகையைத் தொட்டால் மறுபடி செலக்ட் ஓடப் பார்க்கும். தொகையை முன்பே தனி மாறியில் எடுத்துவிடுங்கள்.