மைதானத்துச் சாவி யாரிடம்?

கல்லூரி விளையாட்டு, விடுதி வாழ்க்கை, மாணவர் நலம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற கல்லூரி உடற்கல்வி இயக்குநர் ஒருவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: பொறியியல் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறேன். நாலரை மணிக்கு வகுப்பு முடிகிறது. ஆறு மணிக்கு விடுதிக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். இடைப்பட்ட நேரத்தில் மைதானம் முழுக்க மாணவர்களின் கிரிக்கெட் பயிற்சி. கேட்டால், "எல்லாம் உங்கள் பாதுகாப்புக்காகத்தான்" என்கிறார் காப்பாளர். நாங்கள் எங்கே விளையாடுவது, ஐயா?
– மாணவி, கோவை மாவட்டம்

பதில்: நாலரைக்கு வகுப்பு விட்டு, அறைக்குப் போய் உடை மாற்றி, தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் ஐந்தேகால் ஆகிவிடும். சித்திரை, வைகாசியில் அந்த நேரத்துக்கும் தரை சுடும். வெயில் தாழ்ந்து, ஓடலாம் என்று தோன்றும்போது உங்கள் கதவில் பூட்டு விழுகிறது. மாணவர் விடுதியிலோ ஆறு மணிக்குத்தான் ஆட்டமே களைகட்டும். விளக்கைப் போட்டுக்கொண்டு எட்டு மணிவரை வாலிபால் ஆடுவார்கள். கட்டண ரசீதை எடுத்துப் பாருங்கள், அம்மா. விளையாட்டுக் கட்டணத்தில் மாணவியருக்கென்று தள்ளுபடி ஏதும் இருக்காது.

காப்பாளரைக் குறை சொல்லி என் பேனாவை நான் தீட்டப் போவதில்லை. இரவு ஒன்பது மணிக்கு உங்கள் வீட்டிலிருந்து வரும் தொலைபேசிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆகவே அவர் தயங்காமல் சம்மதிக்கக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். விடுதிச் சுற்றுச்சுவருக்குள்ளேயே ஓர் ஆடுகளம் கேளுங்கள். வாலிபாலுக்கு 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் வேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் வளையப்பந்து இருக்கவே இருக்கிறது. இருவர் இருவராக ஆட 12.2 மீட்டருக்கு 5.5 மீட்டர் போதும். நான் பார்த்த மகளிர் விடுதிகள் பலவற்றில் துணி காயப்போடும் முற்றமே அதைவிடப் பெரிது. கொடியைச் சுவரோரமாகத் தள்ளிக் கட்டிவிட்டால் களம் தயார். அப்புறம் இரண்டு கம்பம், ஒரு வலை, ரப்பர் வளையம், ஒரு விளக்கு. பள்ளியில் வளையம் பிடித்துப் பழகிய பெண்கள் விடுதியில் நிச்சயம் இருப்பார்கள். மற்றவர்களுக்கு அவர்களே சொல்லித் தருவார்கள்.

மனுவை உடற்கல்வி இயக்குநருக்கு எழுதி, நகலை முதல்வருக்குக் கொடுங்கள். "தக்க வசதி செய்து தருமாறு" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதப்பட்ட மனுக்கள் கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். இந்த இடம், இந்த அளவு, மாலை ஆறு முதல் ஏழரை வரை, பொறுப்பேற்கும் மாணவியர் இன்னின்னார் என்று எழுதுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உடற்தகுதியையும் விளையாட்டையும் மாணவர் மனநலத்தையும் ஒன்றாகவே சேர்த்துப் பேசுகிறது. அதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். மானியக் குழு என்றால் முதல்வர்களுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

பெரிய மைதானத்தையும் விட்டுவிட வேண்டாம். வாரத்தில் இரண்டு மாலை உங்களுக்கென்று கேளுங்கள். கிரிக்கெட் பயிற்சியாளர் முகத்தைச் சுளிப்பார். சுளிக்கட்டும்.

கேள்வி: கல்லூரியில் பல லட்சம் செலவில் குளிரூட்டப்பட்ட உடற்பயிற்சிக் கூடம் கட்டியிருக்கிறோம். மாணவர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லையே, ஏன்?
– பேராசிரியர், ஈரோடு

பதில்: அதன் சாவி யாரிடம் இருக்கிறது? அவர் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார்? காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை திறந்திருக்கும் கூடத்துக்கு, அதே நேரத்தில் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவன் எப்படி வருவான்? வாசலில் "விளையாட்டுக் காலணி கட்டாயம்" என்று பலகை மாட்டியிருந்தால், ஹவாய் செருப்போடு கல்லூரிக்கு வரும் பிள்ளை அதைப் படித்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவான். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் திறந்து பாருங்கள். அதன்பிறகும் ஆள் வராவிட்டால் எழுதுங்கள்.

கேள்வி: என் மகன் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். இரண்டு பாடங்களில் அரியர். தினமும் மாலையில் வாலிபால், வாலிபால் என்று போய்விடுகிறான். நிறுத்திவிடலாமா?
– தந்தை, திருச்சி

பதில்: நிறுத்தினால் அந்த ஒரு மணி நேரத்தில் புத்தகத்தைத் திறப்பான் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? எனக்குத் தோன்றவில்லை. வயதுவந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தினமும் ஒரு மணி நேரம் என்று வாரத்தில் ஐந்து நாள் ஆடினால் அது அந்த அளவுக்குள்தான் வருகிறது. ஆகவே ஆட்டத்தின்மேல் பழி போடாதீர்கள். இரவு எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறான், அணைத்த பிறகு கைப்பேசி எத்தனை மணிவரை வெளிச்சம் தருகிறது என்று விசாரியுங்கள்.

ஆனால் அவன் கல்லூரி அணியில் இருந்து, ஊர் ஊராகப் போட்டிக்குப் போய்வருகிறவன் என்றால் அது வேறு கதை. வருகைப் பதிவைச் சரிக்கட்டிக் கொடுப்பார்கள். தவறவிட்ட பாடத்தை யாரும் திரும்ப நடத்த மாட்டார்கள். அப்படியானால் உடற்கல்வி இயக்குநரை நேரில் பாருங்கள். அரியரை முடிக்கும்வரை வெளியூர்ப் போட்டி வேண்டாம், உள்ளூர்ப் பயிற்சி போதும் என்று சொல்லுங்கள். நியாயமானவராக இருந்தால் ஒப்புக்கொள்வார்.

கேள்வி: பள்ளியிலும் சரி, கல்லூரியிலும் சரி, என்னை எந்த அணியிலும் சேர்த்ததில்லை. மைதானத்துக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது.
– மாணவர், விருதுநகர்

பதில்: தம்பி, கல்லூரியில் சில ஆயிரம் பேர் படித்தால் அணிகளில் இடம் கிடைப்பது நூறு, நூற்றைம்பது பேருக்குத்தான். மீதிப் பேரைப் பார்வையாளராக உட்காரவைத்துக் கைதட்டச் சொல்கிறோம். எங்கள் துறையின் பெரிய கோளாறே இதுதான். கோப்பைகளை அலமாரியில் அடுக்கி, அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். தோற்பதற்கும் ஆட வேண்டும், வெறுமனே வியர்ப்பதற்கும் ஆட வேண்டும் என்று வாதாடி நிர்வாகக் கூட்டங்களில் நான் சம்பாதித்த கெட்ட பெயர் கொஞ்சமல்ல.

உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஆட்டம் தொடங்கியபின் போய் ஓரத்தில் நிற்காதீர்கள். கோடு போடும் நேரத்துக்குப் போங்கள். சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கோடு இழுக்கிறவருக்குக் கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க எப்போதும் ஓர் ஆள் தேவை. கயிறு தொய்யாமல் இழுத்துப் பிடித்து, முளையை அடித்து, கையெல்லாம் வெள்ளையாக நின்றால், "ஒரு ஆள் குறைகிறது, வாடா" என்று அவர்களே கூப்பிடுவார்கள். முதல் வாரம் பந்தைத் தவறவிடுவீர்கள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறவர்கள் அந்த நேரத்துக்கு வருவதில்லை.

கேள்வி: ஒரு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை, சாப்பாட்டில் பிடிப்பில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை. விளையாடினால் சரியாகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள்.
– மாணவி, திருநெல்வேலி

பதில்: விளையாட்டு மனதுக்கு நல்லது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும், அம்மா. காய்ச்சலில் கிடப்பவரை எழுப்பி மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வோமா? 14416 என்ற எண்ணை இன்றே கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் என்ற அரசுச் சேவை அது. இலவசம். இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். நூறு மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் கூறியிருக்கிறது. உங்கள் கல்லூரியில் அவர் யார், எந்த அறை என்று கேளுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், அறிவுரை சொன்ன அந்த நண்பர்களில் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விடுதியில் கேரம் ஆடுவது வெட்டி வேலை என்று பலகையை எடுத்துப் பூட்டிவிட்டார்கள். கேரம் ஒரு விளையாட்டு இல்லையா?
– மாணவர்கள், வேலூர்

பதில்: சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் கேரம் ஆடித்தான் அர்ஜுனா விருது வாங்கினார். அதே சென்னையின் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்று திரும்பினார். இதை உங்கள் காப்பாளரிடம் சொல்லுங்கள். நான்கு பேர் முகம் பார்த்து உட்கார்ந்து, விரலில் பவுடரோடு ஆடும்போது யாரும் கைப்பேசியைத் தொடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பலகை திரும்பக் கிடைத்தால் ஈரச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வளைந்துவிடும்.