அரம், கத்தி, பின் வைஸ்: பழைய கருவிகள் பற்றிக் கேள்வி பதில்

பாகங்களை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் கிட் மாதிரி விமானங்கள் கட்ட உட்கார்ந்து முப்பது வருடம் ஆகிறது. என் மேசையில் இன்னும் இருக்கும் பழைய கருவிகளைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள்.

அண்ணா, ஒரே ஒரு கருவியை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை வைத்துக்கொள்வீர்கள்?

ஸ்கால்பெல்தான் தம்பி. ஸ்வான்-மார்ட்டன் 3ஆம் எண் கைப்பிடி. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்துக் கம்பெனி; 1932இல் சவர பிளேடு செய்ய ஆரம்பித்தார்கள், அறுவைக் கத்தி அப்புறம் வந்தது. என் கைப்பிடியில் விரல் படும் இடத்து வரிகள் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டன. பிளேடு மட்டும்தான் மாறுகிறது: நேர்கோட்டுக்கு 11, வளைவுக்கு 15.

நான் அதை வெட்டுவதைவிடச் சுரண்டத்தான் அதிகம் எடுக்கிறேன். விமான உடலின் இரண்டு பாதிகளை ஒட்டிய கோட்டின்மேல் பிளேடைச் செங்குத்தாக நிறுத்தி, அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். தலைமுடி போலப் பிளாஸ்டிக் சுருண்டு வரும். கோடு மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அங்கே பள்ளம் விழும். பிளேடு மாற்றும்போது குறடால் பிடியுங்கள், விரலால் வேண்டாம்.

புது அரம் ஒரே மாதத்தில் வழுக்குகிறது. மட்டமான சரக்கா?

இருக்காது. பல்லுக்குள் பிளாஸ்டிக் தூள் அடைத்திருக்கும். பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் பல் ஓடும் திசையிலேயே தேய்த்து எடுங்கள். அடுத்த முறை ராவுவதற்கு முன் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டால் அவ்வளவாக அடைக்காது. அரம் முன்னே தள்ளும்போதுதான் ராவும், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். என் ஊசி அரங்களும் சாமணமும் நகைப் பட்டறைச் சாமான் விற்கும் கடையில் வாங்கியவை. பொற்கொல்லர்கள் நாள் முழுக்கப் பிடித்து வேலை செய்யும் கருவி, அதனால் தைரியமாக வாங்கலாம்.

மோட்டார் டிரில் இருக்கும்போது, கையால் திருகித் துளை போடும் பின் வைஸ் (pin vise) எதற்கு?

கிட் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். 100 டிகிரி செல்சியஸை நெருங்கினாலே இளகிவிடும். மோட்டார் வேகத்தில் துளையின் ஓரம் உருகி, துளையிடும் முனையான பிட்டில் ஒட்டிக்கொள்ளும். முதலில் ஊசியால் ஒரு புள்ளி குத்துங்கள். பின் வைஸின் தலையை உள்ளங்கையில் வைத்து, 0.5 மி.மீ. பிட்டை விரலால் மெல்லத் திருகுங்கள். 1/72 அளவில் அந்த அரை மில்லிமீட்டர் நிஜத்தில் 36 மி.மீ., அதனால் சற்று விலகினாலும் கண்ணை உறுத்தும். அதே பின் வைஸில் தையல் மெஷின் ஊசியை மாட்டித்தான் விமானத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பேனல் கோடுகள் கீறுகிறேன்.

கொலின்ஸ்கி பிரஷ்ஷுக்கு அவ்வளவு விலை கொடுக்கலாமா அண்ணா?

கொடுக்கலாம்மா. வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனியின் சீரிஸ் 7 பிரஷ், 1866இல் விக்டோரியா மகாராணிக்காகச் செய்யப்பட்டது. கொலின்ஸ்கி என்பது சைபீரிய வீசல் என்ற சிறு விலங்கின் வால் முடி. பெயிண்டை வயிற்றில் தேக்கி, நுனியில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். பெயிண்ட் உலோகக் கழுத்துக்குள் ஏறவிடாதீர்கள். முடித்ததும் சோப்பு போட்டுக் கழுவி நுனியைக் கூராக்கி வையுங்கள். என் முதல் பிரஷ்ஷைத் தின்னர் கிண்ணத்தில் நிறுத்தியபடி இரவு முழுக்க மறந்துவிட்டேன். காலையில் நுனி கொக்கி மாதிரி வளைந்திருந்தது. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

கடலோர ஊர். கருவிகள் துருப்பிடிக்கின்றன.

மூடும் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். தையல் மெஷின் எண்ணெய் லேசாகத் தடவலாம், ஆனால் வேலைக்கு முன் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காது.

மெழுகுவர்த்தியும் ஒரு கருவியாகுமா, எதற்கு?

ஏரியல் கம்பி செய்வதற்கு. கிட் பாகங்களைத் தாங்கி வரும் ஸ்ப்ரூ குச்சியில் ஒரு துண்டை நெருப்புக்குச் சற்று மேலே உருட்டிக்கொண்டே காட்டுங்கள். நடுவில் பளபளத்துத் தொய்ந்ததும் வெளியே எடுத்து, ஒரு மூச்சு விட்டு, இரண்டு பக்கமும் சீராக இழுங்கள். வேகமாக இழுத்தால் மெல்லிய இழை, மெதுவாக இழுத்தால் தடித்த இழை. ஆரம்பகால ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்கு முதுகுக் கம்பத்திலிருந்து வால் வரை இதை ஒட்டலாம். ஒட்டியபின் தொய்வாக இருந்தால், ஊதுபத்தியின் சுடரை மட்டும் அணைத்து, கனலோடு இழைக்கு அருகில், தொடாமல் கொண்டுபோங்கள். விறைத்து நேராகிவிடும்.