இரும்பு இலை அடிக்கும்போது காம்பு ஏன் முறிகிறது?

பெருந்துறை வீட்டு கேட்டுக்கு 12 மி.மீ. இரும்புக் கம்பியில் அலங்கார இலை அடித்தால் காம்பு முறிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் தப்பு பட்டறைக்கல்லின் (இரும்பை வைத்து அடிக்கும் கல்லின்) விளிம்பில்தான் இருக்கும். கத்தி மாதிரி கூரான விளிம்பில் வைத்து அடித்தால் காம்பு அங்கேயே வெட்டுப்படும். கொஞ்சம் மழுங்கிய விளிம்பைத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் நுனியைக் கூராக்குங்கள். அப்புறம் கம்பியைக் கல்லின் விளிம்பில் வைத்து, சுத்தியல் பாதி கல்லின் மேல், பாதி வெளியே விழும்படி திருப்பித் திருப்பி அடித்து, இலையும் காம்பும் சேரும் கழுத்தைக் குறுக்கி, காம்பை நீட்டுங்கள். இலையைத் தட்டையாக்குவது அதற்குப் பிறகுதான். இரும்பு மஞ்சளாக இருக்கும்போது அடியுங்கள். மங்கின சிவப்புக்கு வந்ததும் நிறுத்தி உலையில் வையுங்கள். ஆறின இரும்பை அடிப்பதாலும் காம்பில் விரிசல் விழும். தட்டையான இலை சீக்கிரம் சூடேறும், பொறி பறந்தால் எரிகிறது என்று அர்த்தம்.

நரம்புக்கு மழுங்கின உளி போதும். எனக்குப் பிடித்தது பூவரச இலை. ஒன்றைப் பறித்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நரம்புகள் காம்படியிலிருந்தே விரியும். கடைசியாக, குழி வெட்டின மரக்கட்டையில் வைத்துச் சிவந்த சூட்டில் மெல்லத் தட்டினால் இலை உயிரோடு வளையும்.