மாமனார் கட்டிய வீடும் மகனின் பந்தயக் காரும்

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. மூன்று ஆண்டுகளாகச் செட்டிபாளையத்தில் கார்ட் (சிறுவர்கள் ஓட்டும் சிறிய பந்தய வண்டி) ஓட்டுகிறான். இந்த ஆண்டு இரண்டு கோப்பைகள் வாங்கியிருக்கிறான். இத்தாலிப் பையன் கிமி அன்டொனெல்லி 18 வயதில் ஃபார்முலா 1-க்குப் போனதைச் சொல்லிச் சொல்லி, பீளமேட்டில் என் மாமனார் கட்டிய வீட்டை விற்று மகனை ஐரோப்பாவுக்கு அனுப்பிவிடலாம் என்கிறார் என் கணவர். நான் தடுத்தால் நாளைக்கு மகன் என்னைக் குறை சொல்வானோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோயம்புத்தூர்

அன்புள்ள சகோதரிக்கு,

வீட்டை விற்க வேண்டாம். உங்கள் மகனுக்குத் திறமை இல்லை என்று நினைத்து இதைச் சொல்லவில்லை. இரண்டு கோப்பைகளை வைத்து அதை நானோ வேறு யாருமோ முடிவு செய்துவிட முடியாது. இந்த விளையாட்டு பணத்தை விழுங்கும் விதம் உங்கள் கணவருக்கு இன்னும் பிடிபடவில்லை என்பதால் சொல்கிறேன்.

அவர் காட்டும் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். போலோன்யாவில் பிறந்த அன்டொனெல்லியின் தந்தை தாமே கார்ப் பந்தயம் ஓட்டியவர், சொந்தமாகப் பந்தய அணியும் நடத்தியவர். பையன் கார்ட் ஓட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே மெர்சிடிஸ் நிறுவனம் அவனைத் தன் இளையோர் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. 2022இல் இத்தாலி, ஜெர்மனி என இரு நாடுகளின் ஃபார்முலா 4 பட்டங்களையும், 2023இல் மத்தியக் கிழக்கு, ஐரோப்பிய ஃபார்முலா ரீஜனல் பட்டங்களையும் வென்று, ஃபார்முலா 3-ஐத் தாண்டி நேராக ஃபார்முலா 2-க்குப் போனான். அங்கே 2024இல் ஆறாம் இடம்தான் கிடைத்தது. ஆனாலும் 2025 மார்ச்சில் மெல்போர்னில் மெர்சிடிஸ் காரில் உட்கார்ந்து, முதல் பந்தயத்திலேயே நான்காவதாக வந்தான். உங்கள் கணவர் பையனின் வயதைப் பார்க்கிறார். செலவுச் சீட்டு யார் கைக்குப் போனது என்பதையும் அவர் பார்க்க வேண்டும்.

கார்ட்டுக்கு அடுத்த படி ஃபார்முலா 4. அதற்குக் குறைந்தது 15 வயதாக வேண்டும். பிறகு ஃபார்முலா ரீஜனல், சுமார் 380 குதிரைத்திறன் கொண்ட ஃபார்முலா 3, சுமார் 620 குதிரைத்திறன் கொண்ட ஃபார்முலா 2 என்று போகும். ஃபார்முலா 1 ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்சுக்கு மூன்று ஆண்டுக் கணக்கில் 40 புள்ளிகள் சேர்க்க வேண்டும். ஒரு நாட்டின் ஃபார்முலா 4 பட்டத்தை வென்றாலும் அதிகபட்சம் 12, ஃபார்முலா 3 சாம்பியனுக்கு 30. ஃபார்முலா 2-இல் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால்தான் ஒரே மூச்சில் 40. அந்த ஃபார்முலா 2-இல் ஒரு பருவம் ஓட்ட 20 லட்சம் யூரோவுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 20 கோடி ரூபாய் ஆகிறது. பீளமேட்டு வீடு இன்றைய விலைக்கே போனாலும், அந்தப் பணம் அதற்கு வெகு முன்பே ஏதோ ஒரு படியில் தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு பையன் ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஊரில் நிற்பான், நீங்கள் வாடகை வீட்டில் இருப்பீர்கள்.

சரி, ஏறி முடித்தாலாவது இடம் உறுதியா என்றால், அதுவும் இல்லை. 2022இல் ஃபார்முலா 2 சாம்பியனான பிரேசிலின் ஃபெலிபே ட்ருகோவிச்சுக்கும், 2023இல் வென்ற பிரான்சின் தியோ பூர்ஷேருக்கும் அடுத்த ஆண்டு ஃபார்முலா 1-இல் இடம் கிடைக்கவில்லை. 2021இல் வென்ற ஆஸ்கார் பியாஸ்திரிகூட அடுத்த ஆண்டு முழுவதும் ரிசர்வ் ஓட்டுநராக ஓரத்தில் நின்றுதான் உள்ளே வந்தார். இதில் இன்னொரு கொடுமை, சாம்பியனானவர் மறுபடி ஃபார்முலா 2 ஓட்ட விதி இடம் தருவதில்லை. வென்றவர் மேலே போக வேண்டும், இல்லையென்றால் வெளியேற வேண்டும். மேலே இருப்பவையோ 2025 வரை 20 இருக்கைகள், 2026இல் புதிய அணி ஒன்று சேர்ந்ததால் 22.

பிரான்சின் ஃபார்முலா 1 ஓட்டுநர் எஸ்தபான் ஒக்கோனின் பெற்றோர் வீட்டை விற்றுக் கேரவனில் குடியிருந்தே மகனை ஆளாக்கினார்களே என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால் வீட்டையும் விற்று, மகனும் மேலே போகாமல் நின்றுவிட்ட குடும்பங்களைத் தேடிப்போய் யாரும் பேட்டி எடுப்பதில்லை.

உங்கள் ஊர்க்காரர் ஒருவரின் வழியைப் பார்க்கச் சொல்கிறேன். நரேன் கார்த்திகேயன் 1992இல், 15 வயதில், பிரான்சின் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதி ஓட்டினார். பிறகு இங்கிலாந்து, 1996இல் ஃபார்முலா ஏஷியா பட்டம், மறுபடி இங்கிலாந்தில் ஃபார்முலா 3, ஜப்பான், உலகத் தொடர் பந்தயங்கள். டாடா குழுமத்தின் துணையோடு 2005இல் ஜோர்டான் அணியில் அவர் ஃபார்முலா 1 ஓட்டியபோது வயது 28. அவருடைய தந்தையும் ராலிப் பந்தயங்களில் பெயர் பெற்றவர் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் ஒரே தாவலில் அவர் அங்கே போய்விடவில்லை.

உங்கள் மகனுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் கார்ட்தான். 15 வயதானதும் 2023இல் தொடங்கிய இந்திய ஃபார்முலா 4 சாம்பியன்ஷிப்பில் ஓட்டலாம். இருங்காட்டுக்கோட்டையும் செட்டிபாளையமும் அதன் களங்கள். ஒரு எச்சரிக்கை: எல்.ஜி.பி. ஃபார்முலா 4 என்று நம் ஊரில் நெடுநாளாக நடப்பது வேறு. பழகுவதற்கு நல்ல கார்தான். ஆனால் அதில் வென்றால் சூப்பர் லைசென்ஸ் புள்ளி கிடையாது. பெயரைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டுப் பிறகு வருந்திய பெற்றோரை நான் அறிவேன்.

இந்திய ஃபார்முலா 4-இல் ஓட்டும் அந்தப் பருவத்தில் பார்க்க வேண்டியது கோப்பையை அன்று. ஓட்டம் முடிந்ததும் என்ஜினியரின் கணினித் திரையில் உங்கள் மகன் ஓட்டிய விதத்தைக் காட்டும் கோடும், அதே அணியில் அதே வகைக் காரை ஓட்டிய இன்னொரு பையனின் கோடும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். எந்த வளைவுக்கு எத்தனை மீட்டர் முன்னால் பிரேக்கை மிதித்தான், அதைவிட முக்கியமாக, எவ்வளவு நிதானமாக அதை விட்டான் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். இருங்காட்டுக்கோட்டையில் ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். உடுப்பெல்லாம் வியர்வையில் நனைந்த ஒரு பையன் திரைமுன் உட்கார்ந்திருந்தான். “டயர் சரியில்லையாடா?” என்று அவனுடைய அப்பா கேட்டார். “இல்லப்பா, ரெண்டாவது வளைவுல நான்தான் பயந்துட்டேன்” என்றான் அவன். அன்று கோப்பை வாங்கியவனைவிட அவன்மேல்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. அவன் இப்போது பந்தயம் ஓட்டுவதில்லை. அதே போன்ற திரையின் முன் உட்கார்ந்து ஒரு அணிக்கு வேலை செய்கிறான், நன்றாகவே இருக்கிறான்.

மகன் குறை சொல்வானோ என்ற பயத்துக்கு வருகிறேன். மூன்று பேரும் உட்கார்ந்து, கைப்பணம் எவ்வளவு, அது எந்தப் படி வரை, அதற்கு மேல் ஸ்பான்சரோ ஏதேனும் ஓர் அணியோ பொறுப்பெடுத்தால்தான் தொடர்வது என்று ஒரு நோட்டில் எழுதி, அவனையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். 13 வயதுப் பையனுக்கு இது புரியும். தாத்தாவின் வீடும் கூடவே ஏறி உட்கார்ந்திருக்கிறது என்ற நினைப்போடு வளைவுக்குள் போகிறவனுக்குக் கால் எப்படி ஒத்துழைக்கும் என்பதையும் அவன் அப்பாவிடம் கேளுங்கள். பந்தயத்துக்காகப் பள்ளி நாட்கள் தவறினால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பை எழுதலாம். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.