காலையில் வரும் கரும்புகை

வணக்கம்ங்க. பக்கத்து மருத்துவக் கழிவு ஆலையில் தினமும் காலை 6 மணிக்குக் கால் மணி நேரம் கரும்புகை, கூடவே பிளாஸ்டிக் வாடை, அப்புறம் வெள்ளைப் புகை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியொரு ஆலையில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

சற்றுத் தூரத்திலேயே கரைந்துவிடும் வெள்ளை, பெரும்பாலும் புகையைக் கழுவும் ஸ்க்ரப்பரின் நீராவிதான். கறுப்புதான் கவலை.

எரிப்பானில் இரண்டு அறைகள். முதல் அறையில் சுமார் 800 டிகிரியில் கழிவு எரியும். அதிலிருந்து வரும் வாயு, இரண்டாவது அறையில் சுமார் 1050 டிகிரியில் குறைந்தது 2 நொடி நிற்க வேண்டும். அப்போதுதான் முழுசாக எரியும். அந்த அறை சூடேற டீசல் நிறையக் குடிக்கும். அதை மிச்சம்பிடிக்க, சூடேறும் முன்பே எரிக்க வேண்டிய கழிவு இருக்கும் மஞ்சள் பைகளை உள்ளே தள்ளிவிடுவார்கள். பார்வைத் துளை வழியே பார்த்திருக்கிறேன்: வெளிச்சமாக எரிய வேண்டிய இடத்தில் மங்கிய சிவப்பும் புகைமூட்டமும்தான் இருக்கும்.

வாடையும் அடிப்பதால், ஆட்டோகிளேவுக்கு (நீராவியில் கிருமி நீக்கும் கருவி) போக வேண்டிய, பிளாஸ்டிக் கழிவு இருக்கும் சிவப்புப் பையும் எரிகிறதோ என்று சந்தேகப்படுகிறேன். குளோரின் கலந்த பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்ஸின் என்ற நச்சு உண்டாகும். 2016 மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் அந்தப் பிளாஸ்டிக்கை எரிக்கவே கூடாது என்கின்றன.

ஒரு வாரம் தேதி, நேரத்தோடு வீடியோ எடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, அந்த நேரங்களுக்கான இரண்டாம் அறை வெப்பநிலைப் பதிவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். குழந்தைக்கு வீசிங் இருக்கிறது என்றீர்களே, அதுவரை காலையில் அந்தப் பக்க ஜன்னலைச் சாத்தியே வையுங்கள்.